ரீசெல்லர் விலை ஏற்றும்போது வாங்குபவரின் பங்கு: கொழும்புச் சேகரிப்பாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

காலையில் சூப்பர் மார்க்கெட் தட்டில் தொங்கிய பொம்மைக் கார், அன்று பின்னேரமே பேஸ்புக்கில் மூன்று மடங்கு விலையில் வந்து நிற்கும். கீழே பாதிப் பேர் விற்பவரைத் திட்டி எழுதுவார்கள். மீதிப் பேர் வாங்கும் ஆசையில் "இன்பொக்ஸ் பாருங்க" என்று போடுவார்கள். சில வேளை இரண்டையும் எழுதியவர் ஒரே ஆளாக இருப்பார்.

இந்த வழிகாட்டி "இன்பொக்ஸ் பாருங்க" என்று எழுதுபவர்களுக்கு. ஒருவர் எவ்வளவு விலை சொன்னாலும், அதை யாராவது கொடுக்கும்வரை அது அவருடைய ஆசை மட்டும்தான். காசு கைமாறிய பிறகு அதே தொகையை அடுத்த விற்பனையாளர் "போன கிழமை இந்த விலைக்குப் போனது" என்று காட்டுவார். அந்தச் சாட்சியை உருவாக்கிக் கொடுத்தவர் வாங்கியவர். ஆகவே ஏற்றிய விலையில் விற்பவருக்கு இருக்கும் பங்கு எவ்வளவோ, அதற்குக் கிட்டத்தட்டச் சமமான பங்கு வாங்குபவருக்கும் இருக்கிறது. அந்தப் பங்கை எப்படிக் கவனமாகக் கையாளலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். முத்திரை, பழைய காசு, பொம்மைக் கார், லபுபு பொம்மை, கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை, எதைச் சேர்ப்பவராக இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் படி: தேடித் தந்தவரா, தடுத்து வைத்தவரா?

மறுவிற்பனை செய்பவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை. மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் தூசிக்குள் கையை விட்டு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தமிழ்ப் பதிப்பைக் கண்டெடுத்து, துடைத்து, விபரம் தேடி உங்களிடம் கொண்டுவருபவர் ஒரு வேலை செய்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பிரதி பேப்பர் விலைக்கு நிறுவையில் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை வரவழைத்து, சுங்கத்தில் நின்று, உடையாமல் கொண்டுவந்து தருபவரும் அப்படித்தான். அவர்கள் வைக்கும் இலாபத்தைக் கூலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கு சாமான் வந்த அன்றே முழுப் பெட்டியையும் அள்ளிப்போய், மறுநாள் அதே ஊரில் அதே ஆட்களுக்கு விற்பவர் வேறு இனம். அவர் இல்லாவிட்டால் அந்தப் பொருள் உங்கள் கைக்கு எட்டாமல் போயிருக்காது, சொல்லப்போனால் இன்னும் சுலபமாக எட்டியிருக்கும். அவர் விற்பது பொருளை அல்ல, உங்களுக்கும் தட்டுக்கும் நடுவில் அவர் எழுப்பிய சுவரை.

எந்த விலையைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். பொருள் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா? அதிகாரபூர்வமாக விற்கும் இடம் இன்னும் இருக்கிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால், கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். "இல்லை" என்றால் பேச்சு மாறும். அப்போது கூடுதல் விலை தானாகவே கொள்ளை ஆகிவிடாது.

இரண்டாம் படி: உண்மையான விலை எங்கே இருக்கிறது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பலர் இதைத் தாண்டி நேரே பேரத்துக்குப் போய்விடுகிறார்கள். பொருளின் விலை தெரியாமல் பேரம் பேசுகிறவர், விற்பவர் சொன்ன தொகையில் இருந்து கொஞ்சம் குறைத்ததையே வெற்றி என்று நினைப்பார். முப்பதாயிரத்தை இருபத்தைந்தாக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் பத்தாயிரம் ரூபாய்ச் சாமானை வாங்கி வருவார்.

முதலில் வெளியிட்டவரிடமே கேளுங்கள். புது முத்திரைகளும் முதல் நாள் உறைகளும் (முத்திரை வெளியான நாளின் குறி குத்திய உறைகள்) டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் தபால் தலைமையகத்தில் இருக்கும் முத்திரைப் பணியகத்தில் கிடைக்கும். முத்திரையில் அச்சிட்ட தொகைதான் அங்கே விலை. கடந்த மாதம் வந்த முத்திரைத் தாளை ஒன்லைனில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்குபவர், கோட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கச் சோம்பல்பட்டதற்கு அபராதம் கட்டுகிறார். நினைவு நாணயங்களுக்கும் இதே வழிதான். கோட்டை சாத்தம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கைவசம் உள்ள நினைவு நாணயங்களை அங்கே விற்கிறார்கள். போனதோடு நூதனசாலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அசல் காசு எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதியும்.

நினைவு நாணயத்தாள்களில் ஏமாறுவது மிக அதிகம். 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு வந்த 200 ரூபாய் பொலிமர் தாள், 2009இன் ஆயிரம் ரூபாய் நினைவுத் தாள், 2025இல் மத்திய வங்கியின் எழுபத்தைந்தாவது ஆண்டுக்கு வந்த 2000 ரூபாய்த் தாள், எல்லாம் செல்லுபடியாகும் பணம். சிறப்பு உறையில் இல்லாமல், மடிந்து, கைமாறிக் கறைபட்ட நினைவுத் தாள் ஒன்றை "அரிதானது" என்று விற்பவரிடம் ஒரே கேள்வி போதும்: இதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் எவ்வளவுக்குச் சாமான் தருவார்கள்? மேற்கொண்டு அவர் கேட்கும் தொகை முழுவதும் தாளின் நிலைக்கும், தொடர் எண்ணுக்கும், உறைக்குமானது. அந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்த மேலதிகம் எதற்கு?

வெள்ளிக் காசுக்கு இன்னும் உறுதியான ஒரு அடிமட்டம் உண்டு. 1957இல் புத்த ஜயந்தி 2500ஆவது ஆண்டுக்கு வெளியான ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். எடை 28 கிராமுக்குச் சற்று மேல், 92.5 வீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி ஏறக்குறைய 26 கிராம். செட்டியார் தெருவில் அன்றைய வெள்ளி விலையைக் கேளுங்கள். கிராம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தக் காசின் வெள்ளிப் பெறுமதி மட்டும் 13,000. விற்பவர் 16,000 கேட்டால் மேலதிக மூவாயிரம் காசின் நிலைக்கும் வயதுக்கும். 45,000 கேட்டால், அந்த முப்பத்திரண்டாயிரத்துக்கு என்ன காரணம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். "பழசு தம்பி, கிடைக்காது" என்பது காரணமில்லை. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து ஐம்பது சதக் காசையும் "வெள்ளிக் காசு" என்றே விற்பார்கள். 1919 முதல் அடித்தவற்றில் வெள்ளி 55 வீதம்தான், அதற்கு முந்தையதில் 80 வீதம். ஆண்டைப் பார்க்காமல் வெள்ளிக் கணக்குப் போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களுக்கு, கேட்கும் விலையையும் விற்ற விலையையும் பிரித்துப் பாருங்கள். ஈபேயில் ஒரு பொருளைத் தேடினால் முதலில் தெரிவது ஆட்கள் கேட்கும் விலை. ஒரு பொருளுக்கு 500 டொலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். வடிகட்டியில் "விற்று முடிந்தவை" என்பதைத் தெரிவு செய்தால்தான் உண்மையில் கைமாறிய தொகை வரும். கொழும்பு ரீசெல்லர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்கள் பெரும்பாலும் முதல் வகை. "அண்ணா, இது விற்றதா, இல்லை போட்டிருப்பதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

விற்ற விலை கிடைத்ததும், அந்தப் பொருள் கொழும்பில் உங்கள் வாசலுக்கு வர எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். ஒரு உதாரணம்: பொருள் 20 டொலர், தபால் 12 டொலர், மொத்தம் 32. டொலர் 300 ரூபாய் என்றால் 9,600. வரியும் கையாளும் கட்டணமும் 3,000 என்று வைத்தால் 12,600. 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி மட்டுமே 18 வீதம், ஆகவே வரி என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 15,000 கேட்டால் அவருடைய அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் 2,400 எடுக்கிறார், கொடுத்துவிட்டு வாங்குங்கள். 28,000 கேட்டால் நீங்களே வரவழைத்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

2022 நினைவிருக்கும். மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கி, மே மாதமளவில் டொலர் 200இல் இருந்து 360 வரை போனது, இறக்குமதிக்கும் தடைகள் இருந்தன. அப்போது விலை ஏறியதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் ஒட்டிய விலையை டொலர் இறங்கிய பிறகும் உரிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. "டொலர் ஏறினதால" என்று யாராவது சொன்னால் இன்றைய மாற்று வீதத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மூன்றாம் படி: அவசரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

லபுபுவின் கதை எல்லோருக்கும் நல்ல பாடம். ஹொங்கொங்கில் பிறந்த காசிங் லங் என்ற ஓவியர் 2015இல் உருவாக்கிய பாத்திரம் அது. 2019இல் பொப் மார்ட் என்ற சீனப் பொம்மை நிறுவனத்தோடு சேர்ந்தது. 2024இல் பிளக்பிங்க் என்ற கொரிய இசைக்குழுவின் பாடகி லீசா கைப்பையில் மாட்டியதைப் பார்த்து உலகமே தேடத் தொடங்கியது. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலமொன்றில் ஆள் உயர லபுபு ஒன்று பத்து இலட்சம் யுவானுக்கு மேல் போனது. அதே மாதத்தில் பொப் மார்ட் பெரிய அளவில் மறுபடி ஸ்டொக் விட்டதும் சீனாவில் மறுவிற்பனை விலை கணிசமாகச் சரிந்தது. அந்தச் சரிவுக்கு முந்தைய கிழமை வாங்கியவர்கள் காசு கொடுத்தது பொம்மைக்கு இல்லை, பொறுக்க முடியாமைக்கு.

தயாரிப்பில் இருக்கும் எதற்கும் இது பொருந்தும். நிறுவனம் நினைத்தால் நாளைக்கே இன்னும் ஒரு இலட்சம் அடிக்கலாம். ஆனால் 1857 ஏப்ரல் முதலாம் திகதி வெளிவந்த இலங்கையின் முதல் முத்திரையையோ, 1859இன் மங்கிய ரோஜா நிற நான்கு பென்ஸ் முத்திரையையோ இனி யாராலும் அடிக்க முடியாது. முதல் வகையில் காத்திருப்பவர் கையில் பலம். இரண்டாம் வகையில் அந்தப் பலம் குறைவு, அங்கே விலையை விட அசலா என்பதுதான் பெரிய கேள்வி.

"நாலு பேர் கேட்கினம், இண்டைக்குள்ள சொல்லுங்கோ" என்ற வசனத்துக்குக் கொழும்பில் பஞ்சமில்லை. நாலு பேர் கேட்டால் அவர்களில் ஒருவருக்குக் கொடுக்கட்டும். ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகும் வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். காலையில் அந்த நாலு பேரும் காணாமல் போய், சாமான் அப்படியே இருப்பது வழக்கம்.

நான்காம் படி: பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

விலை நியாயமா என்ற கேள்வி, பொருள் அசல் என்றால்தான் எழும்.

ஹொட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கொழும்பில் அதிகம் பேர் விழுவது அதில்தான். சாதாரண கார்களுக்கு நடுவில் சிலவற்றை அவற்றைத் தயாரிக்கும் மட்டெல் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் அடிக்கும். அதில் மேல்தட்டு "சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்". பளபளக்கும் சிறப்பு வர்ணம், பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ரப்பர் டயர், காரின் உடலில் எங்கேயோ ஒளித்து அச்சிட்ட இரண்டு எழுத்துச் சின்னம். அண்மைய ஆண்டுகளின் அட்டையில் காருக்குப் பின்னால் பொன்னிறத்தில் தீச்சுடர் வட்டமும் இருக்கும். ரப்பர் டயரைத் தனியாக வாங்கிச் சாதாரணக் காரில் மாட்டிவிட்டு "சூப்பர்" என்பவர்கள் உண்டு. அதற்கு, அட்டையில் காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை (பிளிஸ்டரை) திறந்து மூட வேண்டும். ஆகவே அட்டையைச் சாய்த்து, போன் டோர்ச்சை ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். ஆலையில் ஒட்டியது ஒரே சீராக, அட்டையோடு அமுங்கி இருக்கும். திறந்து ஒட்டியதில் பசை ஓரிடத்தில் தடித்து மஞ்சளாகத் தெரியும், அட்டையின் மேல்தோல் மயிரிழை அளவுக்குக் கிழிந்து வெள்ளையாக இருக்கும். விரல் நகத்தால் ஓரத்தைத் தடவினாலே பிடிபடும்.

அட்டையின் பின்புறத்தையும் திருப்புங்கள். இங்கே முறையாக இறக்குமதியான பொருளில் அதிகபட்ச சில்லறை விலை ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரை உரித்த பசைத் தடம் சதுரமாகத் தெரிந்தால், அது எந்தக் கடையிலிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பதை யாரோ உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. இதன் சட்டப் பக்கத்தை ஆறாம் படியில் பார்ப்போம்.

லபுபுவுக்குப் பற்களை எண்ணுங்கள். அசலில் ஒன்பது. ஒன்பது இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, போலி செய்பவர்களுக்கும் எண்ணத் தெரியும். பெட்டியில் இருக்கும் கியூஆர் குறியீடு எந்தத் தளத்துக்குக் கொண்டுபோகிறது என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

பழைய காசுக்கு எடையும் காந்தமும் போதுமான ஆரம்பம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. கையெழுத்திட்ட மட்டை என்றால் கையெழுத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். பேனா எழுதியது மரத்தின் கோடுகளில் சற்று ஊறியிருக்கும், அச்சிட்டது புள்ளிகளாகத் தெரியும். 1996 மார்ச் 17 லாகூர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி அணியின் கையெழுத்து என்று சொன்னால் முழு அணியின் பெயரையும் வைத்துச் சரிபாருங்கள். அன்று விளையாடாத ஒருவரின் கையெழுத்து இருந்தால் அது எப்போது, எங்கே போடப்பட்டது என்று கேளுங்கள்.

பழைய பொருளில் இன்னொரு பொறுப்பு இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் தொல்பொருளாகக் கொள்ளப்படும். யாழ்ப்பாண அரசர்களின் சேது நாணயம், ஒல்லாந்தர் காலத்து டொய்ட் காசு எல்லாம் இந்த எல்லைக்குள் வரும். உத்தரவுப் பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் சொந்தக்காரருக்கு நினைவுப் பரிசாக வாங்கிக் கொடுக்க நினைத்தால், விமான நிலையத்தில் மாட்டப்போவது அவர். எங்கேயிருந்து கிடைத்தது என்று விற்பவரைக் கேளுங்கள். "வன்னியில தோண்டேக்க வந்தது" என்று பெருமையாகச் சொன்னால் விலையைப் பேசாமலே எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சந்தைக்குக் காசு கொடுப்பவர்தான் அடுத்த குழியையும் தோண்ட வைக்கிறார்.

ஐந்தாம் படி: பேரம்

பேரம் பேசுவது வெட்கமில்லை, புறக்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையுமில்லை. கையில் கணக்கு இருந்தால் குரல் உயர வேண்டியதில்லை.

"நானா, இது வெளியில தபால் செலவோட 32 டொலருக்குப் போயிருக்கு. வரி எல்லாம் போட்டா பன்னிரண்டாயிரத்து அறுநூறு வருது. பதினாலு தரட்டுமா?"

"பதினாலுக்கு எனக்கே கட்டாது தம்பி. பதினாறு."

"பதினைஞ்சுக்கு முடிப்பம். நாளைக்கு வந்து எடுக்கிறன்."

இப்படிப் பேசுவதில் இருவருக்கும் கௌரவம் இருக்கிறது. மாறாக, ஆளைத் திட்டிவிட்டுப் பிறகு விலை கேட்பது, மூன்றில் ஒரு பங்கு சொல்லிக் கேலி செய்வது, "வைச்சிருங்கோ அண்ணா, எடுக்கிறன்" என்று சொல்லி ஒரு கிழமை காணாமல் போவது, இவையெல்லாம் வாங்குபவர் பக்கத்துக் குற்றங்கள். ஒப்புக்கொண்டால் எடுங்கள். முடியாவிட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். பொருளைப் பிடித்து வைக்கச் சொல்லி முற்பணம் கொடுத்தால், எந்தத் திகதி வரை, எடுக்காவிட்டால் முற்பணம் திரும்புமா என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெறுங்கள்.

காசு கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வங்கிப் பரிமாற்றம் நொடியில் போய்விடும். போன பிறகு திருப்பிப் பிடிப்பது மிகக் கடினம். பெரிய தொகை என்றால் ஆளோடு, ஆட்கள் நடமாடும் இடத்தில், பொருளைப் பார்த்த பிறகு கொடுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கத்துக் கடைத்தொகுதிகள் இதற்கு வசதி. கூரியரில் வருவதென்றால், காசைக் கொடுத்த பிறகுதான் பொதியைத் திறக்க விடுவார்கள். ஆகவே பெயர் ஒட்டிய பக்கம் தெரியும்படி, சீல் உடைப்பது முதல் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சச்சரவு வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ஆறாம் படி: சட்டம் எதுவரை வரும்

"இவ்வளவு விலைக்கு வித்திட்டான், கம்ப்ளெயின்ட் போடப் போறன்" என்று கிளம்புவதற்கு முன் இதைப் படியுங்கள்.

விலை அதிகம் என்பது மட்டும் குற்றமாகாது. தன் அலுமாரியில் இருந்த பழைய முத்திரைக்கு ஒருவர் ஒரு இலட்சம் கேட்கலாம், நீங்கள் கொடுக்காமல் விடலாம். பொருட்கள் விற்பனைக்கு இங்கே இன்னும் 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது அதில் வலுவாக இருக்கிறது. தரத்தையும் விலையையும் பார்த்து வாங்குவது பெரும்பாலும் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது. காணி விவகாரங்களில், பெறுமதியின் பாதிக்கும் குறைவாக விற்றுவிட்டேன் என்று ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட இடம் உண்டு. அதை யாராவது பொம்மைக் காருக்கும் பொருத்திச் சொன்னால் நம்பிச் சட்டத்தரணிக்குக் காசு கட்டாதீர்கள்.

சட்டம் உங்களுக்குக் கை கொடுப்பது பொய் வரும்போது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரி ஒருவர் ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வதும், பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் தவறு. போலியை அசல் என்பது, திறந்து ஒட்டியதை ஆலை சீல் என்பது, 55 வீத வெள்ளியைச் சுத்த வெள்ளி என்பது எல்லாம் இதில் வரும். குறித்த அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதும், அந்த விலைக் குறியை அழிப்பதும் உரிப்பதும் குற்றம். மேலே சொன்ன சதுரப் பசைத் தடத்தைப் படமெடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை.

ஆகவே பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதில் "பொம்மை 1" என்று எழுதி வாங்காதீர்கள். பொருளின் முழுப் பெயர், ஆண்டு, "அசல், சீல் உடைக்காதது" என்ற சொற்கள், விலை, திகதி எல்லாம் இருக்கட்டும். எழுத மறுத்தால் வாயால் சொன்னதை அவரே நம்பவில்லை என்று அர்த்தம். பேஸ்புக் விற்பனை என்றால் விளம்பரத்தை, அவர் எழுதிய விபரத்தோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்; விற்ற பிறகு அது அழிந்துவிடும்.

முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம்; மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், ஆறப் போடாதீர்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தச் சட்டம் பேசுவது வியாபாரிகளைப் பற்றி. வீட்டில் இருந்ததை ஒருமுறை விற்கும் தனி ஆளோடு பிணக்கு என்றால், உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபை செலவு குறைந்த வழி. காசை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது பொலிஸுக்குப் போக வேண்டிய மோசடி. அந்த ஆளின் அடையாள அட்டையையும் வீட்டு முகவரியையும் பேஸ்புக்கில் போட்டுக் கூட்டம் சேர்ப்பதால் பணம் திரும்பி வராது, உங்கள் மேலேயே ஒரு வழக்கு வரலாம்.

ஏழாம் படி: மற்ற சேகரிப்பாளர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியது

வாங்கிய விலையை மறைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். கூடக் கொடுத்திருந்தால் வெட்கம், குறைவாக வாங்கியிருந்தால் கண்ணூறு பயம். ஆனால் உண்மையில் கைமாறிய விலைகள் வெளியில் தெரியாத சந்தையில்தான் ஸ்கிரீன்ஷொட் வியாபாரம் செழிக்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கணக்கு வையுங்கள்: பொருள், நிலை, திகதி, கொடுத்த தொகை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விலைகளை விட அந்தக் கணக்கு கொழும்பில் உங்களுக்கு உதவும்.

கடையில் இரண்டு கண்டால் ஒன்றை விட்டு வாருங்கள். தட்டை முழுவதும் அள்ளுபவரைக் குறை சொல்லிவிட்டு "கூட்டாளிக்கு" என்று ஐந்து எடுப்பது நடக்கிற விஷயம்தான். வேண்டப்பட்ட கடைக்காரர் இருந்தால், ஆளுக்கு ஒன்று என்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நிரந்தர வாடிக்கையாளர் கேட்டால் பல கடைக்காரர்கள் செய்வார்கள், அவர்களுக்கும் ஒரே ஆள் பெட்டியோடு போவதில் இலாபம் ஒன்றும் கூடவில்லை.

பிள்ளைகள் சேர்த்தால் மாதத்துக்கு இவ்வளவு என்று காசை அவர்கள் கையில் கொடுத்து, கணக்கையும் அவர்களையே எழுத வையுங்கள். குருட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் தனி வரம்பு வையுங்கள். உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்குவதில் பிள்ளைக்குக் கை நிற்காது, பெரியவர்களுக்கும்தான்.

ஒருநாள் நீங்களும் விற்பீர்கள். இரட்டையாக வந்தது, ஆசை தீர்ந்தது, வீடு மாறும்போது இடமில்லாதது. வாங்கிய விலையையும் அன்றைய டொலர் வீதத்தையும் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்திருந்தால் விலை சொல்வது சுலபம். தயாரிப்பில் இருக்கும் பொருளைக் கடை விலைக்கே கொடுங்கள். இனிக் கிடைக்காததற்கு, கடைசியாக விற்று முடிந்த இரண்டு மூன்று விலைகளை வாங்க வருபவருக்குக் காட்டிவிட்டு உங்கள் தொகையைச் சொல்லுங்கள். அட்டையில் மடிப்பு இருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே அந்த மூலையைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.